பதிவாளரம்மாவும் வெள்ளிக்கழுத்து வம்சமும்

குளியலறைக் கதவு உள்ளே தாழிட்டிருக்கிறது. வெளியே தோளில் துண்டும் வாயில் பற்பசை நுரையுமாகக் கணவர் நிற்கிறார். இன்னும் சற்று நேரத்தில் அவர் ரயிலில் இருக்க வேண்டும். பயணியாக அல்ல, டிக்கெட் பரிசோதகராக. உள்ளேயிருந்து குரல் மட்டும் வருகிறது.

"கொஞ்சம் பொறுங்க. இன்னும் ஆறு பேர் பாக்கி."

"உள்ள எத்தனை பேரும்மா இருக்கீங்க?"

"லைட்டைப் போட்டுடாதீங்க. இப்பதான் நரம்பு தெரியுது."

அந்த வீட்டில் ஜன்னல் இல்லாத இடம் குளியலறை ஒன்றுதான். முட்டைக்குள் உயிர் இருக்கிறதா என்று பார்க்கக் கும்மிருட்டு வேண்டும். ஆகவே வாரத்தில் ஒருநாள் அம்மாள் முட்டைத் தட்டோடும் டார்ச்சோடும் உள்ளே போய்த் தாழ் போட்டுக்கொள்வார். டார்ச்சின் வாயில் முட்டையை வைத்துப் பிடித்தால், உள்ளே சிவப்பாகச் சிலந்தி வலைபோல் நரம்போட வேண்டும். ஓடினால் "ஆள் இருக்கு". ஓடாவிட்டால் "காலி வீடு". கணவர் குளிக்காமல் வேலைக்குப் போன நாட்களை எண்ணினால் எத்தனை முறை அடை வைத்தார்கள் என்று கணக்குச் சொல்லிவிடலாம்.

தெருவில் நாங்கள் வைத்த பெயர் பதிவாளரம்மா. அரசாங்கத்தில் அவருக்கு எந்த உத்தியோகமும் கிடையாது. பல் செட் செய்யும் பட்டறை ஒன்றில் மெழுகுக்குள் பல் பதிக்கிறார். ஊரில் வயதானவர்களில் பாதிப் பேர் சிரிப்பது அவருடைய கைவேலை. கோழிக்குப் பல் இல்லாததால்தான் உங்களுக்கு அதன்மேல் இவ்வளவு பிரியமோ என்று நான் ஒருமுறை கேட்டேன். "ஆபீஸ் வேலையை வீட்டுக்குக் கொண்டுவரக் கூடாதில்ல சார்" என்று பதில் வந்தது. முகத்தில் சிரிப்பு இல்லை. அவர் மற்றவர்களுக்குச் சிரிப்பைச் செய்துகொடுப்பதோடு சரி.

ஆனாலும் பட்டறையிலிருந்து ஒரு சாமான் வீட்டுக்கு வந்திருக்கிறது. பல்லின் நிறத்தைப் பொருத்திப் பார்க்கும் அட்டை. வரிசையாகப் பொய்ப்பற்கள் ஒட்டியிருக்கும். முதல் பல் பால் வெள்ளை, கடைசிப் பல் சொல்லும்படி இல்லை. பிறந்த குஞ்சை உள்ளங்கையில் வைத்து, அதன் தொண்டைப் பஞ்சு மயிரை அந்த அட்டையோடு ஒட்டிப் பார்ப்பார். "இது நாலாம் நம்பர். சிகரெட் பிடிக்கிறவங்க பல்லு கலர். அப்படியே அம்மாவை உரிச்சு வச்சிருக்கு." அந்த அம்மா சிகரெட் பிடித்ததாக எனக்குத் தகவல் இல்லை.

அவர் வளர்ப்பது வெள்ளிக்கழுத்து என்ற ஒரே ஜாதிக் கோழி. உடம்பு கறுப்பு, கழுத்து வெள்ளி, கால் சிலேட்டு நிறம். வேறு எந்தக் கோழியும் அந்தக் கொல்லைக்குள் கால் வைக்க முடியாது. பின்வீட்டுச் சேவல் ஒன்று ஒருநாள் மதில்மேல் உட்கார்ந்து உள்ளே எட்டிப் பார்த்தது என்பதற்காக, அந்த வாரம் விழுந்த முட்டைகளையெல்லாம் அம்மாள் பொதுச்சுவர்க்காரர்களான எங்கள் வீட்டுக்கு இலவசமாகக் கொடுத்துவிட்டார். "ஒண்ணும் நடந்திருக்காது சார். ஆனா சந்தேகம்னு வந்துடுச்சு." சந்தேகத்தை நாங்கள் வெங்காயம் போட்டுப் பொரித்துச் சாப்பிட்டோம். ருசியில் ஒரு குறையும் இல்லை.

நதிமூலம் ரிஷிமூலம் பார்க்கக் கூடாது என்று பெரியவர்கள் சொல்லி வைத்தார்கள். கோழிமூலத்தைச் சொல்ல மறந்துவிட்டார்கள். அந்த ஓட்டை வழியாகத்தான் அம்மாள் உள்ளே புகுந்தார்.

எந்த முட்டை எந்தக் கோழியுடையது என்பதை அறிய அவர் வைத்திருக்கும் ஏற்பாட்டை நேரில் பார்த்தால்தான் நம்ப முடியும். கோழி முட்டையிடப் பெட்டிக்குள் நுழைந்ததும் பின்னால் கதவு தானாக விழுந்துவிடும். உள்ளே போனவள் முட்டையிட்டு, கொக்கரித்து, ஆள் வந்து அவள் கால் வளையத்தின் நிறத்தைச் சரிபார்க்கும்வரை வெளியே வர முடியாது. பிரசவம் முடிந்த கையோடு விசாரணை. விசாரணை முடிந்ததும் முட்டையின்மேல் பென்சிலால் அவள் பெயர் எழுதப்படும். பேனா ஆகாது, மை ஓட்டுக்குள் இறங்கிவிடுமாம். பெயர்கள் அம்மாள் வைத்தவை: அலகு கோணியவள் மூக்கி, கதவருகே நிற்பவள் வாசல்காரி, கொத்துபவள் கோபக்காரி. விடுமுறை நாட்களில் இந்தச் சிறையதிகாரி வேலை கணவருடையது. ரயிலில் டிக்கெட் கேட்பவர் வீட்டில் கோழியிடம் வளையம் கேட்கிறார்.

முறை சொல்வதில்தான் அம்மாளின் முழுத் திறமையும் தெரியும். ஒருநாள் வாசல்காரியைக் காட்டி இவள் யார் என்று தெரியாத்தனமாகக் கேட்டுவிட்டேன்.

"இவ பெரியவரோட பொண்ணு. சின்னவருக்குக் கட்டிக் கொடுத்திருக்கேன். அதனால இவ குஞ்சுக்கெல்லாம் பெரியவர் தாத்தா முறை. ஆனா போன வருஷம் இவளைப் பெரியவர்கிட்டயே விட்டேன். அந்தக் குஞ்சுங்களுக்கு அவரு அப்பாவும் ஆச்சு, தாத்தாவும் ஆச்சு. அந்தக் குஞ்சுல ஒண்ணுதான் அதோ நிக்கிறது. அது இவளுக்கு மகளும் ஆச்சு, தங்கச்சியும் ஆச்சு."

"நம்ம வீட்டுல இப்படி நடந்திருந்தா போலீஸ் வந்திருக்கும்" என்றார் கணவர்.

"போலீஸுக்கு வம்சத்தைப் பத்தி என்ன தெரியும்?"

பெரியவர் என்பது அவருடைய கிழட்டுச் சேவல். வெளி ரத்தம் ஒரு சொட்டும் கலக்காமல் அம்மாள் கட்டிக் காத்த வம்சத்தின் தலைவர். கொண்டை ஒரு பக்கம் சாய்ந்து, நடக்கும்போது ஒவ்வொரு காலையும் யோசித்து எடுத்து வைப்பார். சின்னவர், வளர்ப்போர் சங்கத்துச் செயலாளரிடமிருந்து வாங்கி வந்த இளஞ்சேவல். அதுவும் சுத்த வெள்ளிக்கழுத்துதான், ஆனால் வேறு வம்சம். "உள்ளுக்குள்ளேயே கட்டிக்கிட்டிருந்தா குஞ்சு பொரியாது, ரத்தம் மாத்துங்க" என்று சங்கத்தில் வற்புறுத்தியதால் வந்தது. வந்த நாளிலிருந்து அம்மாள் அதற்குத் தீனி போட்டார், தண்ணீர் வைத்தார், ஆனால் வீட்டோடு வந்த மாப்பிள்ளைக்குக் கிடைக்கும் மரியாதைக்குமேல் ஒரு பிடி கொடுத்ததில்லை.

இவ்வளவு முறை தெரிந்தவருக்கு மனித உறவுகள் விஷயத்தில் ஞாபகமறதி அதிகம். கணவரின் தம்பிக்கு இரண்டு பையன்கள். அவர்கள் பெயர் அம்மாளுக்கு இன்றுவரை நிலைக்கவில்லை. பெரிய பொடியன், சின்னப் பொடியன் என்பதோடு நிறுத்திக்கொள்கிறார். ஒரு கல்யாண வீட்டில் காலைச் சுற்றிச் சுற்றி ஓடிய குழந்தையைக் காட்டி, "இது எந்தக் கூண்டு?" என்று கேட்டதாகக் கணவரே என்னிடம் சொன்னார். வெளியூரில் படிக்கும் மகள் போன் செய்தால் இவர் முதலில் சொல்வது பொரிப்பு எத்தனை என்பதுதான். மகள் பரீட்சை எழுதிய விவரம் அதற்குப் பிறகு வரும், நேரம் இருந்தால்.

என்னையும் விடவில்லை. "உங்க அப்பாவோட தாத்தா பேரு என்ன சார்?" என்றார் ஒருநாள், பேச்சோடு பேச்சாக. எனக்குத் தெரியவில்லை. அம்மா வழியிலும் தெரியவில்லை. "பரவாயில்ல" என்று சொல்லிவிட்டு, சந்தைக் கோழியைப் பார்க்கும் பரிதாபத்தோடு என்னை ஒருமுறை ஏற இறங்கப் பார்த்தார். "நல்லாதான் இருக்கீங்க. கலப்புல சில சமயம் உடம்பு நல்லா வரும்."

அடைகாக்கும் இயந்திரம் இருப்பது பின்னறையில். வீட்டிலேயே நல்ல அறை அது. கணவரின் அக்கா வந்தால் கூடத்தில் பாய் போட்டுப் படுக்கிறார், ஏனென்றால் அறையில் மூச்சுக் காற்று அதிகமானால் ஈரப்பதம் மாறிவிடுமாம். இயந்திரத்துக்குள் இரண்டு வெப்பமானிகள். இரண்டும் ஒருநாளும் ஒத்துப்போனதில்லை. அம்மாள் இரண்டையும் பார்த்து நடுவாக ஒரு தீர்ப்புச் சொல்வார். கடைசி மூன்று நாள் முட்டைகளை உருட்டுவது நின்றுவிடும். அப்போது ஒவ்வொரு கோழியின் முட்டைகளும் தனித்தனிச் சின்னக் கூடைக்குப் போகும். கூடைக்கு மூடி, மூடிக்குக் கம்பிக் கட்டு, கட்டில் தாயின் பெயர்ச் சீட்டு. முட்டையின்மேல் எழுதியிருக்கலாம், ஆனால் ஓட்டை உடைத்து வெளியே வந்த குஞ்சின்மேல் யாரும் எழுதி அனுப்புவதில்லை. எந்தக் கூடையிலிருந்து எடுக்கிறோமோ அந்தத் தாயின் பிள்ளை. எடுத்த உடனே தாயின் நிறத்தில் காலுக்கு ஒரு வளையம். ஒரு கூடை திறந்திருக்கும்போது இன்னொன்றைத் திறக்கக் கூடாது. அந்த வீட்டில் சட்டம் என்று இருப்பது இது ஒன்றுதான்.

ஒருநாள் காலை பெரியவர் கூவவில்லை. பொதுச்சுவருக்கு இந்தப் பக்கம் நான் வெகுநேரம் தூங்கினேன், காரணம் எழுந்த பிறகுதான் தெரிந்தது. அம்மாள் பட்டறைக்கு முழுநாள் விடுப்புச் சொல்லிவிட்டார். மாமியாருக்குக் கண் ஆபரேஷன் நடந்தபோது வேலை முடித்துவிட்டுத்தான் மருத்துவமனைக்குப் போனார் என்பதை இங்கே நான் சொல்ல வேண்டியதில்லை, சொல்லிவிட்டேன். கொல்லையின் மூலையில் கணவர் குழி தோண்டினார். அம்மாள் அழவில்லை. உடம்பைத் துணியில் சுற்றுவதற்குமுன் கொண்டையை ஒருமுறை நேராக நிமிர்த்திப் பார்த்தார். அது மறுபடி சாய்ந்துகொண்டது.

பெரியவர் விட்டுச் சென்ற சொத்து நான்கு முட்டைகள். அவரோடு கடைசியாக இருந்தவள் மூக்கி. அவளும் பெரியவரின் பழைய வம்சத்துக்காரி. வயதாகிவிட்டது, அந்த நான்கோடு முட்டையிடுவதை நிறுத்திக்கொண்டாள். மற்றவர்களெல்லாம் பெரியவரின் பெண்கள், சின்னவரோடு குடித்தனம் நடத்துகிறவர்கள். அவர்களுக்குப் பிறப்பவை பெரியவருக்குப் பேரப்பிள்ளைகள், பாதி ரத்தம் வெளியே. வம்சத்தில் வேறு சேவல் கிடையாது, கலப்பில்லாத பிள்ளை வேண்டுமென்றால் மூக்கியின் நான்கு முட்டைதான். அதுவும் போனால் வம்சம் அதோடு சரி.

முதல் முறை டார்ச் பிடித்தபோது ஒன்று காலி வீடு. அடுத்த முறை ஒன்றில் உயிர் நின்று, நரம்பு கலைந்து ரத்த வளையமாகிவிட்டிருந்தது. கூடைக்கு மாற்றும் நாளில் இன்னொன்று அசையவில்லை. அன்று குளியலறையிலிருந்து வெளியே வந்த அம்மாள் கையில் ஒரே ஒரு முட்டை இருந்தது. கணவர் வழக்கம்போல் துண்டோடு நின்றார்.

"ஆள் இருக்கு" என்றார் அம்மாள். கணவர் குளியலறைக்குள் போகவேண்டும் என்பதையே மறந்து, அந்த முட்டையை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு அறைவரை நடந்தார்.

குஞ்சு பொரிக்கும் நாளில் பட்டறையிலிருந்து அவசர அழைப்பு. யாரோ ஒரு பெரிய மனிதருக்கு மாலையில் மேடையில் பேச்சு, மதியச் சாப்பாட்டில் பல் செட் இரண்டாகிவிட்டது. பல் இல்லாமலே அவர் பேசியிருந்தால் நாட்டுக்கு ஒன்றும் நஷ்டமில்லை. ஆனால் முதலாளி கெஞ்சினார். அம்மாள் செருப்பை மாட்டிக்கொண்டே கணவரிடம் ஒப்படைத்தார்.

"என்ன ஆனாலும் மெஷினைத் தொடாதீங்க. நான் வந்துதான் திறப்பேன். வீடு தீப்பிடிச்சா மட்டும் மெஷினைத் தூக்கிட்டு ஓடுங்க."

"தொடாம எப்படித் தூக்குறது?"

அம்மாள் அதற்குள் வாசல்படி இறங்கிவிட்டார்.

கணவரைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்ல வேண்டும். டிக்கெட் இல்லாதவர்களைப் பிடிப்பதற்குச் சம்பளம் வாங்குகிறவர். பிடிக்கவும் செய்வார். பிடித்தபின் அவர்கள் அழுதால் இவருக்குத் தாங்காது. "இனிமே இப்படிப் பண்ணாதே" என்று மிரட்டி, அடுத்த நிறுத்தத்தில் இறக்கிவிடுவதற்குப் பதில் உட்கார இடம் பார்த்துக் கொடுப்பார். மேலதிகாரிகள் பலமுறை கண்டித்தும் இந்த வியாதி குணமாகவில்லை.

சற்று நேரத்தில் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து ஒற்றைக் குரல் கிளம்பியது. கீச், கீச் என்று இடைவிடாமல், அவ்வளவு சின்ன உடம்புக்குப் பொருந்தாத சத்தம். கணவர் என் வாசலில் வந்து நின்றார்.

"சார், மூக்கி பிள்ளை வந்துடுச்சு! ஆனா தனியா கிடந்து கத்துது. பக்கத்துக் கூடையில வாசல்காரி பசங்க ஒன்பது பேர் கூடிக் கும்மாளம் போடுறாங்க. இது ஒண்ணு மட்டும் மூடியில முட்டி முட்டி அழுவுது."

"அம்மா வரட்டும்" என்றேன்.

"ஆமா, வரட்டும்" என்று சொல்லிவிட்டுப் போனார். அதன்பிறகும் நெடுநேரம் சத்தம் கேட்டது. பிறகு சட்டென்று நின்றது. நான் பயந்துபோய் எழுந்து போனேன். அறை வாசலில் கணவர், மூழ்கியவனைக் கரையேற்றிய ஆளின் முகத்தோடு நின்றுகொண்டிருந்தார். அதே நேரத்தில் தெருக் கதவு திறக்கும் சத்தம் கேட்டது.

அம்மாள் கையைக் கழுவித் துடைத்துக்கொண்டு இயந்திரத்தின் கண்ணாடியருகே குனிந்தார். மூக்கியின் கூடையில் உடைந்த ஓடு மட்டும் கிடந்தது.

"எங்க?"

"ரொம்ப அழுதுச்சும்மா. பார்க்கச் சகிக்கல. அந்தப் பசங்களோட கொண்டுபோய் விட்டேன். உடனே அடங்கிடுச்சு. எவ்வளவு சந்தோஷமா இருக்கு பாரு!"

வாசல்காரியின் கூடைக்குள் பத்துக் குஞ்சுகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறி உருண்டுகொண்டிருந்தன. எல்லாம் கறுப்பு, எல்லாவற்றுக்கும் தொண்டையில் அதே மங்கல் மஞ்சள். அம்மாள் கத்துவார் என்று நான் எதிர்பார்த்தேன். அவர் முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"எந்தப் பக்கமா விட்டீங்க?"

"நடுவுல."

"ஈரமா இருந்துச்சா? காஞ்சிருந்துச்சா?"

"காஞ்சுதான் இருந்துச்சு. மத்ததும் காஞ்சிருந்துச்சு." இப்போதுதான் கணவருக்கு விஷயம் புரியத் தொடங்கியது. அவர் முகம் கொஞ்சம் கொஞ்சமாக மாறுவதைப் பார்க்க எனக்கே கஷ்டமாக இருந்தது. "நான் கண்டுபிடிச்சுத் தரேன். பார்த்தா எனக்குத் தெரியும். அது முழிக்கிற முழி வேற மாதிரி இருந்துச்சு."

பத்தும் ஒரே முழியாக அவரைப் பார்த்து விழித்தன.

"குலத்தைக் கெடுக்க வந்த கோடாலிக்காம்பு" என்றார் அம்மாள், மிக மெதுவாக, யாருக்கோ தகவல் சொல்வதுபோல.

அடுத்து நடந்த விசாரணைக்கு முன்னால் எந்தப் போலீஸ் நிலையமும் கை கட்டி நிற்க வேண்டும். முதலில் பல் அட்டை வந்தது. பத்தும் நாலாம் நம்பர். பிறகு பட்டறையில் இரவல் வாங்கிய பூதக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு அலகு, நகம், கண்ணோரம் என்று பார்த்தார். கிடைத்தது இரண்டு பேருக்குக் காலில் ஒட்டியிருந்த எச்சம். அதன்பின் பெற்ற தாயையே சாட்சிக்கு அழைத்தார். மூக்கியைக் கொண்டுவந்து பத்துப் பேருக்கும் எதிரே நிறுத்தினார். பெற்ற மனம் பித்து என்பார்களே, அந்தப் பித்து ஏதாவது வழிகாட்டும் என்று நம்பினார் போலிருக்கிறது. மூக்கி பத்துப் பேரையும் வரிசையாக ஒரு கொத்து கொத்திவிட்டு, தட்டிலிருந்த தீனியைத் தின்னப் போய்விட்டாள். ஒருவருக்கும் ஓரவஞ்சனை செய்யவில்லை.

மகள் போனில் ரத்தப் பரிசோதனை செய்யச் சொன்னாள். அம்மாள் கால்நடை மருத்துவரைப் போய்க் கேட்டார். மருத்துவர் சிரித்த சிரிப்பில், இரண்டு கடைவாய்ப் பற்கள் இல்லை என்பதை மட்டும் இவர் கவனித்துக்கொண்டு வந்தார்.

குஞ்சுகள் வளர்ந்தன. சிறகு முளைத்தது, கால் நீண்டது. ஒன்றுக்காவது கொண்டை சாயுமா என்று அம்மாள் நாள்தோறும் பார்த்தார். பத்தின் கொண்டைகளும் நேராக நின்றன. பத்துக்கும் சாம்பல் நிற வளையம் ஏறியிருந்தது. அந்த வீட்டில் சாம்பல் என்றால் தாய் தெரியாதது. ஒன்பது குழந்தைகளுக்குப் பெற்ற தாய் வாசல்காரி என்பது உலகத்துக்கே தெரியும், ஆனால் எந்த ஒன்பது என்று தெரியாதபோது பத்துமே அனாதைகள்தான். அம்மாளின் நீதி அப்படி.

கணவருக்கு அந்த வாரங்களில் சோறு கிடைத்தது, துவைத்த சட்டை கிடைத்தது, பேச்சு மட்டும் கிடைக்கவில்லை. தேவையானதை அம்மாள் கோழிகளிடம் சொல்வார். "கேஸ் தீர்ந்துபோச்சு, யாராவது சொல்லி வச்சா நல்லாருக்கும்" என்று கோபக்காரியிடம் முறையிடுவார். கணவர் கூடத்திலிருந்து "சொல்லிட்டேன்" என்று கோபக்காரிக்குப் பதில் சொல்வார். நடுவில் கோபக்காரி என்ன நினைத்தாளோ தெரியாது. ரயிலிலும் மனிதர் மாறிவிட்டதாகக் கேள்வி. டிக்கெட் இல்லாத ஒருவரையும் விடாமல் அபராதம் போட்டிருக்கிறார். மேலதிகாரிகள் பாராட்டினார்கள். பாராட்டு வந்த அன்று என்னிடம் சொன்னார், "சார், ஒரு குஞ்சு அழுதா தூக்குறது தப்பா?" தப்பில்லை என்று சொல்ல வாய் வந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் அம்மாளின் காலடிச் சத்தம் கேட்டதால் சும்மா இருந்துவிட்டேன்.

ஒரு விடுமுறை நாள் காலையில் சங்கத்துச் செயலாளர் ஸ்கூட்டரில் வந்து இறங்கினார். சங்கத்துப் பதிவு வளையம் கொண்டுவந்திருந்தார். அது சாதாரண பிளாஸ்டிக் வளையம் இல்லை. திறப்பு இல்லாத முழு உலோக வட்டம், மேலே வம்சத்தின் எழுத்தும் எண்ணும் பொறித்திருக்கும். முன்விரல் மூன்றையும் சேர்த்துப் பிடித்து நுழைத்து, பின்விரலை மடக்கி இழுத்துவிட வேண்டும். அதற்கு ஒரு பருவம் உண்டு. முந்தினால் கழன்று விழும், பிந்தினால் கால் நுழையாது. நுழைந்து கால் பெருத்துவிட்டால் பிறகு கழற்றவே முடியாது. பெரியவரின் வம்சத்துக்கு ஒன்றே ஒன்று அடித்திருந்தார்கள். முட்டையில் ஆள் இருக்கிறது என்று தெரிந்த அன்றே அம்மாள் பணம் கட்டிச் சொல்லியிருந்தார்.

நானும் போய் நின்றேன். பொதுச்சுவர் வைத்திருப்பவனுக்கு இந்த உரிமைகூட இல்லையா?

செயலாளர் கதை முழுவதையும் கேட்டார். பத்துக் குஞ்சுகளையும் பார்த்தார். நடைமுறை தெரிந்தவர்.

"இதுக்கா அக்கா இப்படி உடைஞ்சு போயிட்டீங்க? பத்துல நல்லா நிக்கிற ஒண்ணைப் பிடிச்சு மாட்டுங்க. எல்லாத்துக்கும் பெரியவர் ரத்தம் ஓடுதுல்ல?"

"ஒன்பது பேருக்குப் பாதிதான் ஓடுது. பேரன் வேற, பிள்ளை வேற."

"யாருக்குத் தெரியப்போவுது? எனக்கே தெரியாது. இன்னிக்கு விட்டா கால் நுழையாது, பார்த்துக்கோங்க. அப்புறம் வம்சத்தையே பதிவுல மூடிட வேண்டியதுதான்."

கணவர் அதுவரை கதவோரமாக நின்றிருந்தார். ஒரு அடி முன்னால் வந்தார். "போட்டுடும்மா. ஒண்ணுக்குப் போட்டுடு. அதுவாவே இருக்கலாம் இல்ல? எனக்காகப் போடு. இந்தப் பாவத்தைத் தூக்கிட்டு என்னால ரயில்ல நடக்க முடியல."

அம்மாள் வளையத்தை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு முக்காலியில் உட்கார்ந்தார். ஒவ்வொரு குஞ்சாகத் தூக்கினார். காலைத் தடவிப் பார்ப்பார், கண்ணைப் பார்ப்பார், கீழே விடுவார். ஐந்தாவதை நெடுநேரம் வைத்திருந்தார். அதுவும் கீழே இறங்கியது. கடைசிக் குஞ்சு கையில் இருந்தபோது வளையத்தை அதன் விரல்நுனிவரை கொண்டுபோனார். செயலாளர் "அதேதான்!" என்றார். எனக்கும் அப்படியே தோன்றியது. கோழியைப் பற்றி ஒன்றும் தெரியாத நானே போடுங்களேன் என்று வாய்விட்டுச் சொல்லியிருப்பேன்.

"இது அழகாத்தான் இருக்கு" என்றார் அம்மாள். "ஆனா இது யாருன்னு எனக்குத் தெரியாது."

குஞ்சைக் கீழே விட்டார். அது ஓடிப்போய் மற்ற ஒன்பதோடு கலந்தது. அந்த நொடியிலிருந்து அதையும் அடையாளம் சொல்ல முடியவில்லை. பெரியவரின் வம்சம் முடிந்தது என்று எல்லோருக்கும் விளங்கிவிட்டது. செயலாளர் வளையத்தைத் திரும்ப வாங்கிக்கொள்ளக் கை நீட்டினார். கணவர் தலையைக் குனிந்துகொண்டு அறையை விட்டு வெளியேறத் திரும்பினார்.

"என்னங்க."

இத்தனை வாரங்களில் அவரை நேராகக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. மனிதர் அப்படியே நின்றுவிட்டார்.

"இங்க வாங்க. கையை நீட்டுங்க."

கணவர் வந்தார். திட்டு விழும் என்று நினைத்தாரோ, குஞ்சைத் தரப்போகிறார் என்று நினைத்தாரோ, இரண்டு கையையும் சேர்த்து ஏந்தினாற்போல் நீட்டினார். அம்மாள் ஒரு கையைத் தள்ளிவிட்டு மற்றதைப் பிடித்துத் தன் மடிமேல் வைத்துக்கொண்டார். பக்கத்திலிருந்த தண்ணீர்க் கிண்ணத்தில் விரலை நனைத்து அவருடைய சுண்டுவிரலில் தடவினார். மற்ற விரல்களை மடக்கிப் பிடித்துக்கொண்டு வளையத்தை நுழைத்தார். கணுவருகே அது சிக்கியது. வலிக்கிறதா என்று கேட்கவில்லை. பல்லை மெழுகில் பதிக்கும்போது அழுத்துவதுபோல, ஒரே சீராக அழுத்தினார். வளையம் கணுவைத் தாண்டி உள்ளே போய் உட்கார்ந்தது.

கணவர் விரலைப் பார்த்துக்கொண்டே நின்றார். கண் நிறைந்துவிட்டது.

அம்மாள் அந்தக் கையை ஜன்னல் வெளிச்சத்துக்குத் தூக்கிப் பிடித்துக் குனிந்து பார்த்தார். எண் தலைகீழாக விழுந்திருந்தது. ஒரு கையால் அவர் விரலைப் பிடித்துக்கொண்டு, மற்றொரு கையால் வளையத்தை நிதானமாகத் திருப்பி, எண்ணை நேராக வைத்தார்.